உங்க ஊர் நெல்லுக்கும் ஓர் அடையாள அட்டை

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவரா நீங்க? அப்படின்னா லைனில் வருகிற ஒரு பாகத்தைக் கையில் எடுத்ததும், அது வரைபடத்தில் சொன்ன மாதிரி இருக்கா, இல்லை ஓரத்தில் வைக்க வேண்டியதா என்று உங்க கண்ணே சொல்லிவிடும். அந்தக் கண்ணை இந்தக் கட்டுரைக்குக் கொஞ்சம் கடன் கொடுங்க. பார்க்கப் போவது இரும்பை அல்ல, நெல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டுப் பரணில் ஒரு சாக்கோ பானையோ கண்ணில் படும். உள்ளே விதை நெல். "என்ன ரகம்பா இது?" என்று கேட்டால், "தாத்தா காலத்து நெல்லு, அரைக் காணியில போட்டுக்கிட்டு இருக்கோம்" என்று பதில் வரும். அந்த நெல்லை உங்க குடும்பத்தின் பெயரிலோ, ஊரின் பெயரிலோ சட்டப்படி பதிவு செய்ய முடியும். விவசாயிகளுக்கு அதற்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு கேள்விக்கு நீங்க பதில் சொல்லியாக வேண்டும்: மற்ற நெல்லிலிருந்து இது எதில் வேறுபடுகிறது?

"ருசியா இருக்கும்", "உடம்புக்கு நல்லது" என்பதெல்லாம் அங்கே பதிலாகாது. உயரம் எவ்வளவு, கதிர் எத்தனை சென்டிமீட்டர், உமி என்ன நிறம், எத்தனை நாளில் பூக்கும் என்று, கண்ணால் பார்த்து அளவுகோலால் அளந்து சொல்கிற பதில் வேண்டும்.

திரூரில் பிறந்து உலகம் சுற்றிய நெல்

இந்த உயரம், நிறம், கதிர் கணக்கெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். அதற்கான பதில் உங்களுக்கு ரொம்பப் பக்கத்திலேயே இருக்கு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திருவள்ளூர் பக்கம் போனால் திரூர். அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. நெல் ரகப் பெயர்களில் டி.கே.எம். என்று பார்க்கிறீங்களே, அது இந்த ஊரின் இன்னொரு பெயரான திரூர்குப்பத்தின் சுருக்கம்.

1952-இல் இந்த நிலையத்திலிருந்து டி.கே.எம். 6 வெளிவந்தது. அதன் பெற்றோரில் ஒன்று ஜி.இ.பி. 24. இந்த ஜி.இ.பி. 24-க்கு ஒரு பழைய கதை உண்டு. 1912-இல் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி தொடங்கியது. அங்கே கோணாமணி என்ற நெல்லில் தானாகத் தோன்றிய ஒரு மாற்றத்தைக் கவனித்துப் பிரித்தெடுத்து, 1921-இல் ஒரு ரகமாக வெளியிட்டார்கள். சன்னமான, சாப்பாட்டுக்கு நல்ல அரிசி. கூட்டத்தில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்ததை யாரோ நின்று பார்த்ததால் கிடைத்த நெல் அது. பார்க்காமல் அறுத்திருந்தால் மற்ற நெல்லோடு சேர்ந்து உலைக்குப் போயிருக்கும்.

டி.கே.எம். 6-க்குத் திரும்புவோம். 1966-இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்டது. அதன் பெரிய பலம், வெறும் கண்ணுக்கே தெரிகிற ஒரு பண்பு: குட்டை. அதுவரை இருந்த நெட்டை ரகங்களுக்கு உரம் அதிகம் போட்டால் செடி இன்னும் உயர்ந்து, கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். தைவானைச் சேர்ந்த ஒரு குட்டை நெல்லின் பண்பை வாங்கிய ஐ.ஆர். 8 சாயாமல் நின்று விளைந்தது. குறையும் இருந்தது. அரிசி மோட்டா, பூச்சியும் நோயும் சுலபமாகத் தாக்கின.

அடுத்து வந்த ரகங்களுக்கு எதிர்ப்புச் சக்தியை எங்கிருந்து எடுப்பது? தேடியவர்கள் கையில் எடுத்தவற்றில் முக்கியமானது நம்ம திரூர் நெல். தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் டி.கே.எம். 6-க்கு இருந்தது. பாக்டீரியா இலைக்கருகல் நோயை எதிர்க்கும் ஒரு மரபணுவும் அதில் இருந்தது. அதைப் பெற்றோராக வைத்து 1969-இல் ஐ.ஆர். 20 வந்தது. தமிழ்நாட்டில் வயதான எந்த விவசாயியிடமும் "ஐ.ஆர். இருபது" என்று சொல்லிப் பாருங்க, முகம் மலரும். 1976-இல் வெளியான ஐ.ஆர். 36-இன் வம்சாவளியிலும் டி.கே.எம். 6 இருக்கிறது. அந்த ஐ.ஆர். 36 ஒரு கட்டத்தில் உலகில் சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் பயிராகியது. உங்க தொழிற்சாலையிலிருந்து கப்பலேறுகிற கார்களுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே இந்த வட்டாரத்திலிருந்து ஒரு தயாரிப்பு உலகம் சுற்றிவிட்டது.

ஒரு ரகத்தில் இல்லாத பண்பை இன்னொரு ரகத்திலிருந்துதான் எடுக்க முடியும். எடுப்பதற்கு அந்த இன்னொரு ரகம் எங்கேயாவது உயிரோடு இருக்கணும். அதில் என்ன பண்பு இருக்கிறது என்றும் யாராவது எழுதி வைத்திருக்கணும்.

பெயரை நம்பாதீங்க, செடியைப் பாருங்க

பெயர் மட்டும் போதாதா? போதாது. ஒரே பெயரில் இரண்டு ஊரில் இரண்டு விதமான நெல் இருக்கும். ஒரே நெல்லுக்கு மூன்று ஊரில் மூன்று பெயர் இருக்கும். மேலே சொன்ன ஜி.இ.பி. 24-ஐயே விவசாயிகள் கிச்சிலிச் சம்பா என்றும் அழைத்தார்கள். சந்தையில் 'கிச்சிலி' என்று விற்கிற எல்லாம் அதுதான் என்று சொல்ல முடியுமா?

பெயர்களில் தகவல் இல்லாமலும் இல்லை. நம் முன்னோர் பெயர் வைத்ததே பெரும்பாலும் உருவத்தைப் பார்த்துத்தான். சீரகம் போல இருந்தால் சீரகச் சம்பா. மல்லிகை மொட்டு போல வெளுப்பாக இருந்தால் தூயமல்லி. உமி கறுத்திருந்தால் கருங்குறுவை. அரிசியே கறுப்பு என்றால் கருப்புக் கவுனி. ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து நிற்பது காட்டுயானம். நம்ம மாவட்டப் பெயரைத் தாங்கிய செங்கல்பட்டு சிறுமணியின் பெயரிலேயே ஊரும் இருக்கு, மணியின் அளவும் இருக்கு. ஆனால் 'சிறு' என்பது எத்தனை மில்லிமீட்டர்? அதைப் பெயர் சொல்லாது.

அதனால்தான் நெல்லுக்கென்று 62 பண்புகள் கொண்ட ஒரு பட்டியலை மத்திய அரசின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமை ஆணையம் வைத்திருக்கிறது. சோயா மொச்சை, நிலக்கடலை என்று ஒவ்வொரு பயிருக்கும் தனிப் பட்டியல் உண்டு. சோயாவில் பூ வெள்ளையா ஊதாவா, காயில் ரோமம் இருக்கா, விதை காயோடு ஒட்டியிருந்த இடத்துத் தழும்பு என்ன நிறம் என்று பார்ப்பார்கள். நம்ம பக்கம் நெல்தான் என்பதால் நெல்லோடு போவோம்.

போனை எடுங்க, வயலில் இறங்குங்க

62 பண்பையும் நீங்க அளக்க வேண்டாம். அரிசியில் உள்ள மாவுச்சத்தின் தன்மை மாதிரி சில பண்புகளுக்கு ஆய்வகம் வேண்டும். ஆனால் பாதிக்கு மேல் ஒரு ஸ்மார்ட்போன், ஒரு தையல் டேப், ஒரு நோட்டு இருந்தால் பார்த்துவிடலாம். நீங்க ஷிப்டில் இருந்தாலும், ஊரில் இருக்கிற தம்பியோ அத்தையோ படம் எடுத்து அனுப்பினால் போதும்.

முதலில் விதைத்த தேதி. இதைக் குறிக்காவிட்டால் மற்றது எல்லாம் வீண். அடுத்து இலை. இலையும் தண்டும் சேருகிற இடத்தை லேசாக விரித்துப் பார்த்தால் நாக்கு மாதிரி ஒரு மெல்லிய சவ்வும், இரண்டு பக்கம் காது மாதிரி சின்ன நீட்டல்களும் தெரியும். அவை நிறமில்லாமல் இருக்கா, ஊதா ஓடியிருக்கா? செடியின் அடிப்பகுதி பச்சையா, ஊதாவா? இதை குளோஸ்-அப்பில் எடுங்க. (கூடவே ஒரு இலவசத் தகவல்: நெல்லுக்கு நடுவே நெல் மாதிரியே நிற்கிற குதிரைவாலிக் களைக்கு இந்த நாக்கும் கிடையாது, காதும் கிடையாது. சின்ன வயதிலேயே பிடித்துவிடலாம்.)

பூக்கும் காலம் ரொம்ப முக்கியம். வயலில் பாதிச் செடிகளில் கதிர் வெளியே தெரிகிற நாளைக் குறியுங்க. விதைப்பிலிருந்து 71 முதல் 90 நாளுக்குள் என்றால் அது சீக்கிர ரகம். 91 முதல் 110 நடுத்தரம். 131-ஐத் தாண்டினால் மிகத் தாமதம். பூ திறக்கிறது காலை வெயில் ஏறிய பிறகு, மதியத்துக்குள். அந்த நேரத்தில் சூல்முடியின் நிறத்தைப் பாருங்க. வெள்ளை, வெளிர்பச்சை, மஞ்சள், வெளிர் ஊதா, ஊதா என்று ஐந்து வகை உண்டு. உமி ஒரே மாதிரி இருக்கிற இரண்டு ரகம் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

முற்றிய பிறகு டேப்பை எடுங்க. தண்டின் உயரத்தைக் கதிரை விட்டுவிட்டு அளக்கணும். 91 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் மிகக் குட்டை, 150-க்கு மேல் என்றால் மிக நெட்டை. கதிரைத் தனியாக அளங்க. நெல் நுனியில் மீசை இருக்கா, இருந்தால் எல்லா நெல்லிலுமா நுனிக் கதிரில் மட்டுமா, என்ன நிறம்? கடைசியில் ஆயிரம் நெல்லை எண்ணி எடை போடணும். பொறுமை வேண்டிய வேலை, வீட்டுச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்தால் போட்டி போட்டு எண்ணும். முழுசாகப் பால் பிடித்த நெல்லாக எண்ணி, நகைக்கடைத் தராசு மாதிரி நுட்பமான தராசில் போடுங்க. 21 முதல் 25 கிராம் நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் மிகக் கனம். உமி நீக்கி அரிசியின் நிறத்தையும் ஒரு படம். உமியோடு பார்க்கும்போது பெரிதாக வித்தியாசம் தெரியாத நெல்கள் உமியை எடுத்ததும் வேறு வேறு என்று காட்டிக்கொடுக்கும். திரூரின் டி.கே.எம். 9 சிவப்பு அரிசி, அதே நிலையத்தின் டி.கே.எம். 13 சன்ன வெள்ளை.

படம் எடுக்கும்போது செடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைங்க. போனில் தேதியும் இருப்பிடமும் பதிவாகிற அமைப்பை ஆன் செய்யுங்க. ஃபில்டர் போடாதீங்க, ஊதா நிறம் பொய் சொல்லிவிடும். வரப்போரச் செடியை அளக்காதீங்க. வெளிச்சமும் இடமும் அதிகம் கிடைப்பதால் அது மற்றதைவிடக் கொழுத்து நிற்கும். வயலின் நடுவில் பத்துச் செடி எடுத்தால் சரி.

மாறுகிற பண்பும் மாறாத பண்பும்

உரம் கூடினால் நெல் உயரும், தண்ணீர் குறைந்தால் கதிர் சின்னதாகும். அப்படியென்றால் இந்த வருஷம் எடுத்த அளவு அடுத்த வருஷம் பொய்யாகிவிடுமா? இது நியாயமான சந்தேகம். உயரம், கதிர் நீளம், எடை எல்லாம் வளர்ப்பைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறி இறங்கும். அதனால்தான் அவற்றை இத்தனை முதல் இத்தனை வரை என்று வரம்பு வைத்துப் பிரிக்கிறார்கள். உங்க மொழியில் சொன்னால் டாலரன்ஸ். சூல்முடி நிறம், அரிசி நிறம் மாதிரியான பண்புகள் அப்படி ஆடுவதில்லை. ஒரு ரகத்தை அடையாளம் காண முதலில் கண்ணை ஓட்டுவது இந்த ஆடாத பண்புகளில்தான்.

நாள் கணக்கில் இன்னொரு சூட்சுமம். காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் சம்பா மட்டுமல்ல, நவரை, சொர்ணவாரிப் பட்டங்களும் உண்டு. பழைய சம்பா ரகங்கள் பலவும் பகல் பொழுது குறுகும்போதுதான் பூக்கும். அதைக் கோடைப் பட்டத்தில் விதைத்தால் செடி பச்சையாக நின்றுகொண்டே இருக்கும், கதிர் வராது. "விதை கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டிவிடாதீங்க, பட்டம்தான் தப்பு. எந்தப் பட்டத்தில் அளந்தீங்க என்பதையும் நோட்டில் எழுதுங்க.

பதிவு எப்படி?

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-இல் வந்தது. அதைச் செயல்படுத்தும் ஆணையம் 2005 முதல் புதுதில்லியில் இயங்குகிறது. இந்தச் சட்டம் 'விவசாயி' என்று யாரைச் சொல்கிறது தெரியுமா? தானே உழுகிறவரை மட்டுமல்ல. நேரடியாக மேற்பார்வை செய்து பயிர் வைப்பவரும், பாரம்பரிய ரகத்தைத் தனியாகவோ சேர்ந்தோ பாதுகாப்பவரும் அதில் அடக்கம். வாரத்தில் ஆறு நாள் ஒரகடத்தில் இருந்தாலும் உங்களுக்கும் அதில் இடம் உண்டு.

தனி விவசாயி, விவசாயிகள் குழு, கிராமச் சமூகம், யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். முதலில் ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள பதிவான ரகங்களின் பட்டியலைப் பாருங்க. உங்க நெல் ஏற்கெனவே அதில் இருந்தால் வீண் அலைச்சல் மிச்சம். மாப்பிள்ளைச் சம்பா மாதிரி ஊருக்கு ஊர் இருக்கிற ரகத்தைத் தன் ஒருவர் பெயரில் கேட்பது நடக்காத காரியம், அது நியாயமும் இல்லை. ஊராகச் சேர்ந்து கேட்பது நல்லது.

விண்ணப்பப் படிவத்தில் மேலே சொன்ன பண்புகள் வரிசையாகக் கேட்கப்படும். எந்த ரகத்தோடு ஒத்துப்போகிறது, எதில் வேறுபடுகிறது என்றும் எழுதணும். உங்க நோட்டும் படங்களும் உதவுகிற இடம் இது. ரகத்துக்கு ஒரு பெயர் வைக்கணும், வெறும் எண்களால் ஆன பெயரை ஏற்க மாட்டார்கள். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு, மாவட்ட வேளாண்மை அலுவலர், வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி இயக்குநர் போன்றவர்களில் ஒருவரின் சான்றொப்பம் வேண்டும். விதை மாதிரியும் அனுப்ப வேண்டும்.

பிறகு ஆணையம் அந்த விதையைத் தன் சோதனை வயலில் வளர்த்துப் பார்க்கும். பார்ப்பது மூன்று விஷயம். மற்றதிலிருந்து தனித்துத் தெரிகிறதா, வயல் முழுக்க ஒரே சீராக இருக்கிறதா, அடுத்தடுத்த தலைமுறையிலும் அப்படியே நிலைக்கிறதா. வேறு மாதிரி நிற்கிற செடிகளுக்கு விதைத் துறையில் 'கலவன்' என்று பெயர். லைனில் நீங்க ஓரத்தில் எடுத்து வைக்கிற பாகம் மாதிரி. ஆனால் ஒரு நல்ல வித்தியாசம் உண்டு. ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ரகத்துக்கு அனுமதிக்கிற கலவன் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு வரை விவசாயியின் ரகத்துக்கு அனுமதி. பழைய ரகங்களில் கொஞ்சம் கலப்பு இயல்பு என்பதைச் சட்டமே ஒத்துக்கொள்கிறது. இருந்தாலும், விதைக்கு விடுகிற பகுதியில் பூக்கும்போதும் முற்றும்போதும் நடந்து போய்க் கலவன்களைப் பிடுங்கிவிட்டு விதை எடுங்க.

பதிவானால் நெல்லுக்கு 15 ஆண்டு வரை பாதுகாப்பு. அந்த ரகத்தை விதையாக உற்பத்தி செய்து விற்கிற உரிமை உங்களுக்கு. நாளை ஒரு நிறுவனம் அதைப் பெற்றோராக வைத்துப் புது ரகம் உருவாக்கினால், பலனில் பங்கு கேட்கவும் வழி உண்டு. டி.கே.எம். 6 மாதிரி ஒன்று உங்க பரணில் இருந்தால்? பக்கத்து வயல்காரர் உங்க நெல்லை விதைத்து, எடுத்து, மாற்றிக்கொள்வதை இந்தப் பதிவு தடுக்காது. விவசாயிகள் விதையைச் சேமிக்கவும் பகிரவும், முத்திரைப் பெயர் போடாமல் விற்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது. பாரம்பரிய ரகங்களைக் காத்துவரும் சமூகங்களுக்கு ஆணையம் 10 லட்சம் ரூபாய் விருதும் வழங்குகிறது.

தள்ளிப் போடாதீங்க

நெல் விதை நம்ம ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் ரொம்ப நாள் தாங்காது. சாக்கில் கட்டி வைத்தால் ஓரிரு வருஷத்தில் முளைப்புத்திறன் விழுந்துவிடும். அப்பா இந்த வருஷம் "ஆள் கிடைக்கல, நெல்லு போடல" என்று சொல்கிறார், அடுத்த வருஷமும் அதையே சொல்கிறார் என்றால், மூன்றாவது வருஷம் பானையில் இருப்பது விதை இல்லை, வெறும் நெல். வயல் கைமாறப் போகிறது, மனையாகப் போகிறது என்ற நிலையில் இருக்கிறவர்கள் இதை இன்னும் சீக்கிரம் யோசிக்கணும். நிலத்துக்கு விலை பேசும்போது பானையை யாரும் நினைப்பதில்லை.

இப்போதே செய்யக் கூடியது ஒன்று உண்டு. பரணில் உள்ளதில் நூறு நெல்லை எண்ணி ஈரத் துணியில் சுற்றி வைங்க. ஒரு வாரம், பத்து நாளில் எத்தனை முளைத்தது என்று பாருங்க. எண்பதைத் தாண்டினால் நிம்மதி. ரொம்பக் குறைந்திருந்தால் இந்தப் பட்டத்திலேயே, ஒரு சென்ட் இடத்திலாவது, விதைத்துப் புது விதை எடுங்க.

வழி கேட்க, உங்க வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போகலாம். திரூரிலும் செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. நீண்ட காலம் பாதுகாக்க வேண்டும் என்றால் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ராமையா மரபணு வங்கி இருக்கிறது. விதையே தீர்ந்துவிட்டது, பழைய ரகம் ஒன்றை மறுபடி பயிரிட ஆசை என்கிறவர்கள் நெல் ஜெயராமன் மரபுசார் நெல் ரகங்கள் பாதுகாப்பு இயக்கத்தின் கீழ் மானிய விலையில் விதை கிடைக்கிறதா என்று அதே விரிவாக்க மையத்தில் கேளுங்க. எந்த மையத்தில் என்ன விதை இருப்பு என்று உழவன் செயலியில் பார்த்துவிட்டுப் போனால் ஒரு நாள் லீவு மிச்சமாகும்.